மத்தியானம் அத்தை முறை

அத்தை வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஜில்லென்று தண்ணீர் எடுக்கலாம் என்று பின்னறை ஃப்ரிட்ஜைத் திறந்து ஏமாந்து போவார்கள். உள்ளே வெதுவெதுவென்று இருக்கும். இரண்டு குண்டு பல்ப் எரியும். கம்பித் தட்டுகளில் நூறு முட்டை படுத்திருக்கும். "கதவை மூடுங்க, சூடு போயிடும்!" என்று அத்தை அடுப்படியிலிருந்து கத்துவாள்.

அந்தப் பெட்டி மாமாவின் கைவேலை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊரார் ஃப்ரிட்ஜையெல்லாம் குளிர வைத்த மனுஷன், தன் வீட்டில் செத்துக் கிடந்த ஒன்றைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார். "குளிரைப் பிடிச்சு வைக்கிற பெட்டி சூட்டைப் பிடிச்சு வைக்காதா?" என்பார். அவருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

படுத்திருக்கும் முட்டையைத் தினமும் மூன்று தடவை திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். அதற்காக ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலையில் வேலைக்குப் போகுமுன் மாமா திருப்புவார். மத்தியானம் அத்தை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மறுபடி மாமா. இருபத்திரண்டு வருஷம் இதுதான் ஏற்பாடு. "திருப்பியாச்சா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். "ஆச்சு, ஆச்சு" என்பார் மாமா. அதற்கப்புறம்தான் ஓடிப்போய்த் திருப்புவார். லீவுக்குப் போயிருக்கும் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். சூடான பல்பும் ஈரத்துணியும் கலந்த அந்த அறையின் வாசனைக்கு இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

மாமா தவறிப்போய் ஒரு மாதம் கழித்து அத்தை நூறு முட்டை வைத்தாள். ஏழுதான் பொரிந்தது. அடுத்த தடவை ஒன்பது. வெளியூரிலிருந்து அவள் மகன் வந்து நின்றான்.

"போதும்மா. வீட்டைப் பூட்டிட்டு என்னோட வந்துடு."

"கதவு ரப்பர் போயிடுச்சுடா. புதுப் பெட்டி வாங்கி இன்னும் ஒரே ஒரு தடவை வைக்கிறேன். அதுவும் கெட்டுப் போச்சுன்னா வர்றேன்."

சொன்னால் சொன்னதுதான், அத்தை அப்படிப்பட்டவள். எனக்கோ அவள் அந்த வீட்டை விட்டுப் போவதில் இஷ்டமே இல்லை. என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடையில் குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர்கள் மூன்று அலமாரி மாதிரி நின்றன. எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்கள் ஓடுகிற பெரியதைக் காட்டி, "இதை வாங்கு, போகலாம்" என்றேன். அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கதவையும் திறந்து ரப்பரைக் கிள்ளிப் பார்த்தாள். கையை நுழைத்து மின்விசிறிக் காற்று மூலைவரை வருகிறதா என்று தடவினாள். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த மாமாவின் தெர்மாமீட்டரை மேல்தட்டில் கால் மணி, கீழ்த்தட்டில் கால் மணி வைத்தாள். பெரிய பெட்டியில் மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம். நடுவில் நின்ற சாதாரணத் தகரப் பெட்டியில் முள்முனை அளவுகூட இல்லை. கடைக்காரர் வேர்த்துப் போனார்.

"இப்ப ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா திருப்புறீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"மூணு தடவை. காலையிலயும் ராத்திரியும் அவரு, மத்தியானம் நானு."

"சார் வரலையா?"

அத்தை சட்டென்று என் பக்கம் திரும்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"ஏண்டி, நான் மத்தியானம் மட்டும்தாண்டி திருப்பியிருக்கேன். அவரு வேலைன்னு விட்டுட்டேனே. முட்டை வச்ச ரெண்டு தடவையும்!"

பழைய பெட்டியின் ரப்பரில் ஒரு குற்றமும் இல்லை. கடை நடுவில் நின்று அத்தை அழுதாள். ஆறு மாதமாக வராத அழுகை அது. நானும் அழுதேன். கடைக்காரர் பாவம், ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

இனி எதற்குப் புதுப் பெட்டி, திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு அந்தத் தகரப் பெட்டியைத் தட்டினாள்.

"இது தானா திருப்புமா?"

"தட்டே சாயும்மா. மணிக்கு ஒரு தடவை வைக்கலாம்."

"காலையிலயும் ராத்திரியும் மட்டும் வைக்க முடியுமா?"

"முடியும். ஆனா மத்தியானம்?"

"மத்தியானம் நான் வீட்லதானே இருக்கேன். பக்கத்துல கைப்பிடி இருக்குல்ல?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

அந்த வாரமே நூறு முட்டை ஏறியது. இருபத்தோராம் நாள் மாலைக்குள் எண்பத்து மூன்று குஞ்சுகள் கத்தின. மகன் போனில் தோற்றுப்போனான். வீடு பூட்டப்படவில்லை.

ஆனால் எனக்கு மனசில் நிற்பது முதல் நாள் ராத்திரிதான். நான் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். மணி எட்டானதும் பெட்டி 'கிர்ர்' என்று முனகித் தட்டுகளைச் சாய்த்தது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"திருப்பியாச்சா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்கும். மறுபடி கரண்டிச் சத்தம் வரவில்லை.

"ஆச்சு, ஆச்சு" என்றேன்.