யூஷுவலி என்றால் சீட் உண்டா?

இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். பள்ளிக்கூடத்தைக் குறை சொன்னால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாளோ என்று பயம். பிறகுதான் தோன்றியது, அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் வந்தே வெகுகாலம் ஆகியிருக்கும்.

தொண்ணூறுகளில் ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தோம். மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். பெரிய இங்கிலீஷ் பள்ளிகளில் குழந்தையோடு பெற்றோருக்கும் பரீட்சை. நான் எட்டாவது, மனைவி ஐந்தாவது. குழந்தை எப்படியும் தேறிவிடும். கவலை எங்களைப் பற்றித்தான்.

மாடி வீட்டுக்காரர் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். அவர்தான் எங்களுக்கு வாத்தியார்.

"வீட்ல இங்கிலீஷ் பேசுவீங்களான்னு கேப்பாங்கண்ணா. ஆல்வேஸ்னு அடிச்சு விடுங்க."

"எப்பவும்னு அர்த்தமாச்சே! முருகனுக்கு மாலை போட்டுக்கிட்டு பொய் சொல்லமாட்டேன்பா."

"அப்ப யூஷுவலின்னு சொல்லுங்க. வழக்கமா பேசுவோம்னு அர்த்தம். எங்க ஃபேக்டரில யூஷுவலி ஆறு மணிக்கு விடுவாங்க."

"விடுவாங்களா?"

"ஏழரைக்கு முன்னாடி என்னை இந்தத் தெருவுல பாத்திருக்கீங்களா?"

மனைவி சிரித்தாள். "நம்ம வீட்ல இங்கிலீஷ் பேசறது மிக்ஸி டப்பா மேல இருக்கற எழுத்து ஒண்ணுதான்."

சொல்லப்போவது பொய்யாகக் கூடாதே என்று, அன்று மாலை விளக்கேற்றியதிலிருந்து வீட்டில் இங்கிலீஷ்தான். கம், சிட், ஈட். சாமிக்கு மட்டும் தமிழ். அவருக்கு இங்கிலீஷ் தெரியாமல் அல்ல, எங்களுக்கு அதில் வேண்டத் தெரியாது. சண்டை போடுமளவுக்கு இருவரிடமும் வார்த்தை இல்லாததால் ஒரு வாரம் வீடு கோயில் மாதிரி இருந்தது.

பரீட்சை நாளில் தலைமையாசிரியை அம்மாள் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "டூ யூ ஸ்பீக் இங்கிலீஷ் அட் ஹோம்?"

"யூஷுவலி, மேடம்."

என் திருநீற்றைப் பார்த்தார். மனைவியின் மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். மகள் கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள். "வெரி ஸ்மார்ட்" என்று அவள் கன்னத்தைத் தட்டினார்.

"சீட் கெடைக்குமா மேடம்?"

"யூஷுவலி, எஸ்" என்றார், பல் தெரியச் சிரித்து.

மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு மாடி வீட்டுக்காரரின் ஆறு மணி ஞாபகம் வந்தது. கேட்டைத் தாண்டியதும் கேட்டாள்: "ஏங்க, கெடச்ச மாதிரிதானே?"

"நாம இங்கிலீஷ் பேசற மாதிரி கெடச்சிருக்கு."

அங்கிருந்து தகவல் வரவேயில்லை. மகள் கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்ந்தாள். வீட்டில் சண்டையும் பழையபடி தமிழில் தொடங்கியது.

இதை யாரிடமாவது சொல்வதானால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், உள்ளபடியே சொல்லுங்கள். அந்த அம்மாள் சீட் இல்லை என்றதாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவ்வளவு படித்தவர்.