பூட்டோடு நின்றவர்களும் முளைப்பாரியும்

அமெரிக்காவில் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிக்கூடத்தில் வைப்பது தப்பு என்று கோர்ட் சொன்ன கதை, நான் சட்டக் கல்லூரிக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே எனக்குத் தெரியும். கப்பலில் வேலை பார்த்த அப்பா, அந்த நாட்டின் தெற்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியபோது, டாக்சிக்காரர் ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டிச் சொன்னாராம். அப்பா அதை டெலிபோன் கார்டு தீரும்வரை எனக்குச் சொன்னார். கோர்ட் சொன்ன பிறகும் ஊர்க்காரர்கள் விடவில்லை. ஒரு சின்னப் பெண்ணைக் காவலோடுதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பெரிய மனிதர்கள் எல்லாம் வாசலில் நின்று ஏசினார்கள். பிள்ளை பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்து படித்தது.

"ஒன்னவிடச் சின்னப் புள்ளளா," என்றார் அப்பா.

அந்தப் பிள்ளை நான்தான் என்று உடனே முடிவு செய்துகொண்டேன். எனக்கு ஒன்பது வயது. தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் வைத்துக்கொள்ள அது நல்ல வயது.

அப்படி நினைக்க எனக்குக் காரணமும் இருந்தது. வேம்பாருக்குத் தெற்கே, கடற்கரை ரோட்டை ஒட்டிய எங்கள் ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள். கடைக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் மேலத்தெருவில் ஒன்று, உப்பளத்துக்குப் போகிறவர்களின் கீழத்தெருவில் ஒன்று. "அவங்களுக்குத்தான் தனியா ஒண்ணு இருக்குல்லா, அங்கனயும் அதே பாடந்தான" என்பார் பெரியப்பா. அமெரிக்காவில் இதே வாதத்தை எவ்வளவு பெரிய வக்கீல்கள் எவ்வளவு பெரிய கோர்ட்டில் பேசியிருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு ஐப்பசி மழையில் கீழத்தெருப் பள்ளிக்கூடத்தின் கூரை இறங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னால் மேலத்தெரு முடியாது என்றது. கீழத்தெருக்காரர்கள் மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில், சேர்த்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்த வாரமே எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் டவுன் பள்ளிக்கூட வேனில் ஏறிவிட்டார்கள். அம்மா மட்டும் என்னை ஏற்றவில்லை. பள்ளிக்கூடக் கட்டடம் தெருச் சங்கத்துக்குச் சொந்தம், சங்கத்துக்குத் தலைவர் பெரியப்பா. "நம்ம தெருப் புள்ள ஒண்ணுகூட வரலன்னா நம்ம கட்டடத்துல எதுக்குப் பள்ளிக்கூடம்? பூட்டிர வேண்டியதுதான்." இது அவருடைய சட்ட ஞானம். ஆக, நான் ஒருத்தி போய் உட்கார்ந்தால் கதவு திறந்திருக்கும். போகாவிட்டால் கீழத்தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் தெருவில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு இது தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், வேனில் போனவர்களுக்குக் கழுத்தில் டை இருந்தது, எனக்கு இல்லை.

காய்ச்சல் என்றாலும் விடமாட்டாள். கஷாயத்தை வாயில் ஊற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு வருவாள். தெருவில் ஒருத்தியும் அவளோடு பேசுவதில்லை. "தம்பி கப்பல்ல கெடக்கான், இவ இங்கன கோர்ட்டு நடத்துதா" என்று பெரியப்பா கடையில் நின்று சொன்னது எங்கள் வீடுவரைக்கும் கேட்டது. வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. அப்பேர்ப்பட்ட அழுத்தக்காரி.

வகுப்பில் என் பக்கத்தில் கீழத்தெரு முத்துமாரி உட்கார்ந்தாள். ஈர்க்குச்சி உடம்பு, கணக்கில் புலி. அவளுக்கு நான் அமெரிக்கக் கதையைச் சொன்னேன், நான்தான் அந்தப் பிள்ளை என்பதையும் சேர்த்து. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒன்னய யாருளா ஏசுதா?" என்றாள். யோசித்துப் பார்த்து, "எங்கம்மா" என்றேன்.

ஆவணியில் அம்மன் கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் கொடை, வந்தது. கொடை என்றால் எங்களுக்கு முளைப்பாரிதான். சட்டியில் நவதானியம் விதைத்து, வெயில் படாமல் வளர்த்து, கொடையன்று பெண்கள் தலையில் சுமந்து தெருச் சுற்றுவார்கள். அது தலையில் இருக்கும்வரை சுமப்பவளே அம்மன். எதிரே வருகிறவன் எத்தனை பெரிய ஆளானாலும் செருப்பைக் கழற்றி ஒதுங்கத்தான் வேண்டும். எனக்கு அந்த வருடம் சுமந்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பெரியப்பாவும் ஆள் அனுப்பினார்: செவ்வாய்க்கிழமை பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்பு, சட்டி தருகிறோம். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. அம்மா முடியாது என்றுவிட்டாள்.

அன்று காலை யூனிபாரம் மாட்டி என்னை அனுப்பிவிட்டு வாசலில் நின்றாள். நான் தெருமுனை திரும்பியதும் கோயிலுக்கு ஒரே ஓட்டம். அங்கே அத்தை பட்டுப்பாவாடையோடு காத்திருந்தாள். சட்டி தலையில் ஏறியது. மேளம் கிளம்பியது. அடேயப்பா, அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை!

பாதித் தெரு போயிருப்போம். யாரோ ஈரக்கையால் என் கையைப் பிடித்தார்கள். பார்த்தால் முத்துமாரி. கொடையன்று கீழத்தெரு ஆட்கள் எங்கள் தெருவுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவள் எங்கள் தெருவின் நடுவில், மேளத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏளா, வா. ஒங்க பெரியப்பா பூட்டோட வந்து நிக்காவ. நீ வரலன்னா பூட்டிருவாவளாம். டீச்சர் அழுதாவ."

"நான் முளைப்பாரி தூக்கிட்டு வாரேன்லா, கண்ணு தெரியலையா?"

"அதோடயே வா."

பிடித்த கையை விடவில்லை. இழுபறி செய்தால் சட்டி விழும், முளைப்பாரி கீழே விழுந்தால் ஊருக்கே ஆகாது. வேறு வழியில்லாமல் அவளோடு திரும்பினேன். அத்தை "ஏ, ஏ" என்று கத்தினாளே தவிர, முளைப்பாரி சுமப்பவளை எப்படிப் பிடித்து நிறுத்துவாள்? எனக்குப் பின்னால் வந்த பெண்களோ, இந்த வருடம் பாதையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று என் பின்னாலேயே திரும்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூட வாசலில் பெரியப்பா பூட்டும் கையுமாக நின்றார். கூடச் சங்கத்து ஆட்கள். என்னைப் பார்த்ததும் அவர் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது, தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. பின்னுக்கு நகர்ந்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். கும்பிட்ட பிறகுதான் கைக்குள் பூட்டு இருப்பது ஞாபகம் வந்திருக்கும். அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.

அப்போது தெருக்கோடியில் ஒரு குலவைச் சத்தம். அம்மாதான்! யாரோ சொல்லித் தலைமுடி அவிழ ஓடிவந்தவள், வாசலுக்கு வந்து நின்றும் குலவையை நிறுத்தவில்லை. ஒருத்தி ஆரம்பித்தால் சும்மா நிற்க எங்கள் ஊர்ப் பெண்களால் ஆகாது. மாதக்கணக்கில் அவளோடு பேசாதிருந்த அத்தனை வாயும் சேர்ந்து குலவையிட்டது.

முளைப்பாரி இறங்கிய இடத்தை எவன் பூட்டுவான்? டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பெயரைக் கூப்பிட்டார். "உள்ளேன் டீச்சர்" என்றேன். பெரியப்பா பூட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார். அடுத்த வருடம் எங்கள் தெருவில் சில வீட்டுப் பிள்ளைகள் டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். பள்ளிக்கூடம் இன்றைக்கும் நடக்கிறது. கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அம்மாவின் அந்த அழுத்தத்தை நினைத்து மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். போன வாரம் என் மகளிடம் சொன்னபோது, "அந்த அக்கா எப்படிம்மா தனியா அந்தத் தெருவுக்குள்ள வந்தாங்க?" என்று கேட்டாள். அதை முத்துமாரியிடம் நான் கேட்டதே இல்லை.

முளைப்பாரி சுமப்பவர்களின் காலில் ஊற்ற, அன்று எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் அண்டா நிறையத் தண்ணீரோடு ஆட்கள் நின்றார்கள். வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது முத்துமாரியின் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை, பாவாடை எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தன. எனக்கோ பாதம் மட்டும்தான் நனைந்திருந்தது. பல் தந்தியடித்தது.

"தண்ணியில வெளாண்டுட்டா வந்த?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.