ஆர்னே வாங்கித் தந்த சேலை

எங்கள் தோட்டத்தில் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போகிறவர்கள் உடுத்தியிருப்பதைக் குறைத்துக்கொண்டு போவார்கள். நோர்வேக்காரர்களோ தண்ணீருக்குள் இறங்குவதற்கென்றே புதிதாக உடுத்திக்கொள்கிறார்கள். உடம்பைப் பிடித்தாற்போல் தடித்த கறுப்பு ரப்பர் உடுப்பு, தலைக்கு ரப்பர்க் குல்லா, கைக்கு உறை, காலுக்குச் சப்பாத்து, இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட், முதுகில் காற்று அடைத்த இரும்புப் புட்டி. கல்யாணப் பெண்ணை அலங்கரிப்பதற்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது. இதையெல்லாம் வேடிக்கை பார்த்தவளாக நான் எழுதவில்லை. நானும் அப்படி உடுத்திக்கொண்டு கடலுக்குள் போனவள்தான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, விமானம் ஏறும்வரை கடலைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தவள் எப்படிக் கடலுக்கடியில் போனாள் என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். என்னைப்போலப் பனி நாடுகளில் வந்து விழுந்த நம்மவர்களும் கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இது.

பதுளையில் ஒரு தையற்கடையில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடைத்தெரு எரிந்தபோது கடையும் போயிற்று, என் மெஷினும் போயிற்று. அதன் பிறகு நான் டைப்பிங் வகுப்புக்குப் போனேன். அங்கே படிப்பித்த மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். அவருடைய தம்பி நோர்வேயில் இருந்தார். அந்த நாட்டில் 'மக்கள் உயர்பள்ளி' என்று ஒருவகைப் பள்ளிக்கூடங்கள் உண்டு, வெளிநாட்டவர்களையும் ஒரு வருடம் தங்க வைத்துப் படிப்பிப்பார்கள் என்று தம்பி எழுதி, ஒரு பள்ளியின் விளக்கப் புத்தகத்தையும் அனுப்பியிருந்தார். எங்கள் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க வழி இருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இஞ்சை பாரும் பிள்ளை, ஒரு பாடத்திலைதான் இடம் கிடக்காம். 'டைக்கிங்' எண்டு போட்டிருக்கு. இங்கிலீசிலை டையிங் எண்டால் துணிக்குச் சாயம் போடுறது. துணி சம்பந்தப்பட்ட படிப்பாத்தான் இருக்க வேணும்."

அம்மாவுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "பேர்லயே தைக்கிங்னு இருக்கே சார்! நம்ம செல்விக்குன்னே வச்ச மாதிரி இருக்கு. எழுதிப் போடுங்க."

அப்படித்தான் நான் ஒரு கத்தரிக்கோல், அளவு நாடா, ஊசிப்பெட்டி, இரண்டு சேலை சகிதம் நோர்வேயில் போய் இறங்கினேன். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக நுழைந்து கிடக்கும் இடத்தை அவர்கள் ஃபியூர்ட் என்கிறார்கள். பள்ளிக்கூடம் அதன் கரையில் இருந்தது. முதல் நாள் வகுப்பில் தையல் மெஷினைத் தேடினேன். சுவரில் ரப்பர் உடுப்புகள் தொங்கின. மூலையில் இரும்புப் புட்டிகள் நின்றன. பாடத்தின் பெயரை அவர்கள் வாயால் சொன்னபோது அது 'டுக்கிங்' என்று ஒலித்தது. முக்குளிப்பது என்று அர்த்தம். வேறு பாடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். மலையேற்றத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். மலையில் பிறந்து மலையேறப் படிப்பதற்கு இவ்வளவு தூரம் வந்தேனென்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கடலே பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். விஷயம் தெரிந்தபோது அம்மா கேட்டு எழுதச் சொன்ன ஒரே கேள்வி: "தண்ணிக்குள்ள ஒக்காந்தா தைக்கிறாங்க?"

எங்களுக்குப் படிப்பித்தவர் ஆர்னே. பனைமரம்போல உயரம், செம்பட்டைத் தாடி, பொறுமைசாலி. எனக்கு நீச்சலே தெரியாது என்று அறிந்தபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குளிர்காலம் முழுவதும் வெந்நீர் ஓடும் நீச்சல் குளத்தில் தவளைபோல உதைக்கப் பழக்கினார். அவருக்கும் எனக்கும் இருந்த ஒரே சிக்கல் தலையாட்டலில்தான். தண்ணீருக்கடியில் "சரியா?" என்று கையால் கேட்பார். நான் நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டி 'சரிங்க' என்பேன். அந்த ஊரில் அது இல்லையென்று அர்த்தம். உடனே என் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போவார். சும்மா இருந்த என்னை இப்படிப் பலமுறை காப்பாற்றியிருக்கிறார். ஆனால் கரையில் உண்மையாகவே வலிக்கும்போது "கோர் டெ ப்ரா?", அதாவது எல்லாம் நலமா, என்று கேட்டால் நான் "யா, யா", ஆமாம் ஆமாம், என்று சிரிப்பேன். அதை நம்பி அவர் போய்விடுவார்.

வலித்தது புட்டியைத் தாங்கும் வார்களால். வசந்தத்தில் புட்டியை முதுகில் ஏற்றியபோதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் சாமான் எல்லாமே ஆர்னேயின் வம்சத்துக்குச் செய்தவை என்று விளங்கியது. தோள்வாரைக் கடைசிவரை இழுத்தாலும் எனக்கு ஒரு சாண் மிச்சம். இடுப்புவார் தொடைக்கு இறங்கும். குனிந்தால் புட்டியின் தலை என் பிடரியில் இடிக்கும், நிமிர்ந்தால் அடிப்பாகம் பின்பக்கத்தில் இடிக்கும். மற்றப் பிள்ளைகள் வேகமாக நடக்க, நான் கோயில் மணிபோல முன்னும் பின்னும் இடி வாங்கிக்கொண்டு நடப்பேன். சரி, நாமும் தையற்காரிதானே என்று ஊசிப்பெட்டியை எடுத்தேன். தோள்வார்களை மடித்து, தடித்த நூலால் நெருக்கமாகத் தைத்துவிட்டேன். பாவாடைக்கு உள்மடிப்பு வைப்பதுபோல அழகாக வந்தது. மறுநாள் ஆர்னே அதைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனார். ஆபத்தில் ஒரே இழுப்பில் கழற்ற வேண்டிய வார் அது. காலில் கட்டியிருந்த கத்தியை உருவி என் தையலை அறுத்தார். அந்த வருடம் முழுவதும் நான் போட்ட ஒரே தையல் அதுதான்.

அதற்கடுத்த கிழமை படகுத்துறைக்குப் பக்கத்தில், மார்பளவு ஆழத்தில் விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கவிழ்ந்தேன். தளர்ந்த வாரில் புட்டி ஒருபக்கம் சரிய, அதன் பாரத்தில் நானும் சுழன்று ஆமைபோல மல்லாந்தேன். புட்டி கீழே, நான் மேலே, கைகால் வானத்தில். திரும்பவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. வாயிலிருந்த குழாய் நழுவி, உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போயிற்று. ஆர்னே தூக்கி நிறுத்தியபோது இருமிக்கொண்டே "யா, யா" என்றேன்.

இந்தமுறை அவர் நம்பவில்லை. கடலில் நடக்கும் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறாவிட்டால் வருடத்தை முடித்ததாகக் கணக்கில்லை. முடிக்காவிட்டால் அடுத்த பள்ளியில் இடமில்லை, இடமில்லாவிட்டால் விசாவும் இல்லை. திரும்பிப் போனால் எனக்கு அங்கே எரிந்த கடையின் சுவர் மட்டும்தான் இருந்தது. ஆர்னே என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு டவுனுக்குப் போவோம். உனக்கு நான் ஒரு புது சேலெ வாங்க வேண்டும்."

எனக்குத் திக்கென்றது. அதுவரை அந்த முதுகுச் சுமை முழுவதற்கும் 'ஃபிளாஸ்க்க', அதாவது புட்டி, என்ற சொல்தான் என் காதில் விழுந்திருந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு ஓர் ஆண்பிள்ளை சேலை வாங்கித் தந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இவ்வளவு நாளும் என்னைத் தண்ணீரிலிருந்து இழுத்து இழுத்து எடுத்தது இதற்குத்தானா?

"என்னிடம் சேலை இருக்கிறது," என்றேன் எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், கறாராக.

"இருக்கிறதா? ஏன் சொல்லவில்லை? கொண்டுவா பார்க்கலாம்."

அறைக்கு ஓடி, பதுளையில் வாங்கிய நீலச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆர்னே அதைப் படகுத்துறையில் விரித்தார். விரிக்க விரிக்க வந்துகொண்டே இருந்தது. முந்தானையிலிருந்து மறுமுனைவரை நடந்து, புரட்டிப் பார்த்து, கடைசியில் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "இதில் கொக்கி எங்கே?"

அவர்கள் மொழியில் 'சேலெ' என்றால் வார்க்கட்டு. அது விளங்கியபோது நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, கடல் தண்ணீர் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று அவர் பயந்துபோனார்.

மறுநாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் 'பெண்களுக்கானது' என்று ஒன்றை எடுத்துவந்தார். பள்ளியில் இருந்த அதே குதிரைச் சேணம், நிறம் மட்டும் ரோஸ். அடுத்தது சிறுவர்களுக்கானது. தோளுக்குச் சரியாக இருந்தது. ஆனால் இரண்டு வாரும் நெஞ்சுக்கு நேர்மேலாக ஓடி, மூச்சுவிட முடியாமல் அமுக்கின. பெரியவர்களின் புட்டியை அது தாங்காது என்றும் பிறகுதான் சொன்னார். மூன்றாவது, காற்று ஊதும் சட்டைபோல ஒன்று. ஊதியதும் அது காதுவரை எழும்பியது. என் கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "ஃபீன்ட்!" என்றார் கடைக்காரர். அருமை என்று அர்த்தம். விலா எலும்பு நொறுங்குவதைச் சைகையில் காட்டினேன். "போகப் போகப் பழகிவிடும்," என்றார்.

இதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்திருக்கிறேன். அக்காவின் சப்பாத்து, சித்தியின் சட்டை, தோட்டத்தில் ஆளுக்கொன்றாக ஒரே அளவில் கொடுத்த கம்பளி, எல்லாமே பழகிவிடும் என்றுதான் வந்தன. பழகியும் விட்டன. ஆனால் கடலுக்கடியில் மல்லாந்து கிடந்துகொண்டு எதையும் பழக முடியாது. அந்த மூச்சுமுட்டல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"நை," என்றேன். இல்லை என்பதற்கு அவர்களுடைய சொல். அந்த நாட்டுக்கு வந்தபின் நான் அதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. எனக்கே அந்தக் குரல் யாருடையதோ போலிருந்தது. கடைக்காரர் ஆர்னேயைப் பார்த்தார். ஆர்னே தாடியைத் தடவிக்கொண்டு, "நை என்கிறாளே," என்றார்.

பிறகு நான் விடவில்லை. நின்றுகொண்டு பார்த்தால் போதாது, நீந்தும் நிலையில் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு முக்காலிகளைச் சேர்த்துப் போட்டார்கள். ரப்பர் உடுப்போடு அதன்மேல் குப்புறப் படுத்து, ஒவ்வொரு வார்க்கட்டையும் புட்டியோடு மாட்டச் சொல்லி, கையைத் தலைக்குமேல் நீட்டியும் காலை உதைத்தும் பார்த்தேன். கதவு மணி அடித்தது. தூண்டில் வாங்க வந்த ஒரு பெரியவர், கடை நடுவே காற்றில் நீந்திக்கொண்டிருந்த என்னையும், என் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆர்னேயையும் பார்த்துவிட்டு, தொப்பியைத் தொட்டு மரியாதை செய்து, வந்த வழியே போய்விட்டார்.

கடைசியில் சரியாக அமைந்தது, கடைக்காரர் காட்டவே நினைக்காத சாதாரணக் கட்டு. சின்ன உலோகத் தகடு, அதில் கோத்த நாடா வார். தோள்வார்கள் நெஞ்சுக்கு வெளிப்பக்கமாக அக்குளை ஒட்டி ஓடின. எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம், ஒரே இழுப்பில் விடவும் செய்யலாம். கட்டையான ஒரு புட்டியும் கிடைத்தது. இடுப்புவார் இடுப்பிலேயே நின்றது. கட்டு மேலேறாமல் இருக்க இன்னுமொரு வார் உண்டு என்று கடைக்காரர் நீட்டினார். அது பின்னாலிருந்து கால்களுக்கு நடுவே வந்து முன்னால் கோக்க வேண்டியது.

"ஐயோ, கோமணம்!" என்றேன் தமிழில்.

"என்ன?" என்றார் ஆர்னே.

விளக்கத்தான் பார்த்தேன். "எங்கள் ஊரில் வயலில் வேலை செய்யும் ஆண்களின்... உடுப்பு," என்பதற்குமேல் என் மொழி போகவில்லை. ஆர்னே அதை ஏதோ தொழில்நுட்பச் சொல்லென்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து படகுத்துறையில் நின்று, தண்ணீரில் இறங்கப்போகும் பிள்ளைகள் எல்லோரையும் பார்த்து "கூமனம்! கூமனம் கட்டினீர்களா?" என்று கத்துவார். அந்த ஃபியூர்ட் கரையில் ஒரு தலைமுறை மாணவர்கள் அதை நோர்வேச் சொல் என்று நம்பியிருப்பார்கள்.

பரீட்சையன்று கடல் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. இறங்கினேன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் முதுகில் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் போயிருந்தது தெரிந்தது. புட்டி என்னோடு திரும்பியது, என்னோடு சாய்ந்தது. பாறையில் நட்சத்திர மீன்கள் ஒட்டிக்கிடந்தன. ஆர்னே எதிரே வந்து, "சரியா?" என்று கேட்டார். தலையாட்டாமல், பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினேன். அவர் என்னை மேலே இழுக்கவில்லை. நான் தேறினேன். இன்றைக்கும் இந்த ஊரில் எதை மாட்டிப் பார்த்தாலும், கையைத் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து பார்க்காமல் சரியென்று சொல்வதில்லை.

தேறியவர்களைப் படகுத்துறையில் வரிசையாக நிற்கவைத்து ஆர்னே ஒரு படம் எடுத்தார். அதில் ஒரு பிரதி அம்மாவுக்கு அனுப்பினேன். சில வருடங்கள் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. எல்லோரும் குல்லாவும் முகமூடியுமாக ஒரே கறுப்பு வரிசை. நடுவில் நின்ற உருவத்தின் நெற்றிக்கு நேரே, கண்ணாடியில் குங்குமம் அப்பியிருந்தது.

"தெனமும் வைக்கிறேன்," என்றார் அம்மா. "வந்தவங்கல்லாம் எது ஒங்க மகளுன்னு கேப்பாங்க. இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்கிற நிப்பே சொல்லுதே, செல்வின்னு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

அது என்னோடு படித்த பியோர்ன் என்ற பையன். அவன் தாடியை, தாடைவரை இழுத்துவிட்ட குல்லா மறைத்திருந்தது. நான் வரிசையின் ஓரத்தில், ஒருவருடைய தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றிருந்தேன்.

"ஆமாம்மா," என்றேன்.

சாயங்காலம் அம்மா சூடம் ஏற்றினார். சாமிகளுக்குக் காட்டிவிட்டு, பியோர்னுக்கும் மூன்றுமுறை சுற்றிக் காட்டினார். பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.