கள்ளக்குறிச்சிப் பக்கம் வீடு பார்க்கப் போன வினை

பழைய வீடுகளைத் தேடிப் போய்ப் படம் எடுத்துப் போடுவது என் பைத்தியம். செட்டிநாட்டு வீடுகளை ஊரே எழுதித் தள்ளிவிட்டது, நம் வடமாவட்டத்து வீடுகளை யார் எழுதுவது என்று வீறாப்பாக, பொங்கல் முடிந்த சனிக்கிழமை தனியாகக் கிளம்பினேன். வீட்டுக்காரர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். புத்திசாலி.

சென்னையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்து ஏறி, ஒன்பதரைக்கு உளுந்தூர்பேட்டையில் இறங்கினேன். அங்கே லாரிப் புகைக்கு நடுவில் இரண்டு இட்லி, ஒரு வடை. வடையைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. அங்கிருந்து இன்னொரு பேருந்தில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே கள்ளக்குறிச்சி. நாள் முழுக்க ஒரு காருக்கு டீசலோடு 3,200 ரூபாய் பேசினேன். ஓட்டுநர் சேகர் உள்ளூர்க்காரர், நல்ல மனிதர், வாய்தான் அடங்காது.

முதல் தவறு என்னுடையது. டீக்கடையில், "வீடு பார்க்க வந்திருக்கிறேன், பழைய வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"வாடகைக்கா, லீசுக்கா?" என்றார் அங்கே நின்ற ஒருவர். புரோக்கராம். பழைய வீடுதான் வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. "பழசு இன்னாத்துக்கும்மா? புதுசே காட்றேன் வாங்க. போர் தண்ணி கீது, டைல்ஸ் போட்டு கீது." ஒரு மணி நேரம் என்னை இழுத்துக்கொண்டு போய் மூன்று வீட்டுக் கழிவறைகளைக் காட்டினார். சேகர் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார், ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

அடுத்தது வடக்கனந்தல். சேகருக்குத் தெரிந்த விவசாயக் குடும்பம், நாட்டு ஓடு போட்ட முற்றம் வைத்த வீடு. போய்ச் சேர்ந்தால் கேசரி, பஜ்ஜி, காபி! அடடா, எவ்வளவு உபசாரம் என்று நான் உருகிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவனைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைத்தார்கள். வீட்டம்மா என் பக்கத்தில் வந்து, "பொண்ணு இன்னா படிச்சிகீதுங்க?" என்றார்.

எனக்குப் பெண்ணே கிடையாது. சேகர் போனில் "மேடம் வூடு பாக்க வராங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் சம்பந்தம் பேச வருவதாக எடுத்துக்கொண்டார்கள். என்றைக்காவது பெண் வீட்டார் வருவார்களே என்று தேக்குத் தூண்களுக்கெல்லாம் எப்போதோ ரோஸ் பெயின்ட் அடித்து, முற்றத்தின்மேல் தகர ஷீட்டும் போட்டுவிட்டார்களாம். வயிறெரிந்தது. சாப்பிட்ட கேசரிக்காக வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

காரில் ஏறியதும் சேகரை ஒரு பிடி பிடித்தேன். "இனிமேல் யாரிடமும் அப்படிச் சொல்லாதீங்க." "சரிங்க மேடம்" என்றார். மலைமேலும் ஏற்கெனவே போன் போட்டாயிற்று என்பதை மட்டும் சொல்லவில்லை, மகராசன்.

வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்வராயன் மலை ஏறி, கரியாலூர் தாண்டிக் காரைவிட்டு இறங்கினோம். "பத்து நிமிஷ நடதான் மேடம்." முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் அந்த வீட்டைப் பார்த்ததும் கால்வலி போய்விட்டது. புல் வேய்ந்த கூரை காதளவு இறங்கியிருந்தது. மூங்கில் பட்டை பின்னி மண் பூசிய சுவர். உள்ளே சாமை மூட்டை வைக்கப் பரண். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே அப்படி ஒரு குளுமை.

வீட்டுப் பெண்ணை ராசாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயரைச் சொல்லமாட்டேன். வணக்கம் சொன்னவர் நேராக என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். "இங்க ஒழுவுதும்மா." அடுத்து ஒரு விரிசல். அடுத்து கறையான். நான் பரணைப் படம் எடுக்கப் போனால், அவர் என் கையைப் பிடித்து அரித்துப்போன கம்பத்தைக் காட்டுகிறார். நல்ல வீட்டை வைத்துக்கொண்டு இதென்ன பிடிவாதம் என்று எரிச்சலாகிவிட்டது.

"எவ்வளவு உறுதியான வீடும்மா இது!" என்று சுவரைத் தட்டினேன்.

"தட்டாதீங்க, வுழுந்துடும்."

"விழாதும்மா. நல்ல வீடு. அப்படித்தான் எழுதப்போகிறேன்."

ராசாத்தியின் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, நல்ல வூடுன்னு எழுதிடாதீங்கம்மா! போன தபா வந்தவரும் அப்டித்தான், நல்லாத்தான கீது, பத்து வருசம் தாங்கும்னுட்டு போய்ட்டாரு. கவர்மென்ட் வூடு எங்குளுக்கு மட்டும் வரல. ரெண்டு வருசமா அலயறோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் ஆபீசர் இல்லைம்மா. சும்மா பார்த்து எழுத வந்தேன்."

"எழுதத்தான வந்தீங்க?"

கூரையை மாற்றப் புல் கிடைப்பதில்லை என்றார். காட்டில் அறுக்க விடுவதில்லையாம். ஐப்பசி மழையில் கூரையிலிருந்து பாம்பு விழுந்தது, பிள்ளை படுத்திருந்த பாயில். சாமி புண்ணியத்தில் பிள்ளை பிழைத்தது. வீட்டுக்காரர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருக்கிறார். அடுத்த வாரம் மறுபடி ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்கள், தனியாக என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றார்.

பிறகு திடீரென்று கேட்டார்: "உங்க வூடு மெத்த வூடாம்மா?"

"ஆமாம், மாடி வீடுதான்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் கூர வூடு நல்லாருக்குன்றீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கேமராவைப் பைக்குள் வைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மலைமேல் பெட்ரோல், பணம் எடுக்கும் இயந்திரம் இவற்றை நம்பாதீர்கள், கள்ளக்குறிச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பகல் இரண்டு மணிக்குமேல் சாப்பாடு கிடைப்பது அதிர்ஷ்டம். ஓட்டுநர் யாருக்குப் போன் போட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கூரை வீட்டின் படம் எங்கே என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். போடமாட்டேன். வீடு கொடுக்கும் அதிகாரி யாராவது தப்பித்தவறி இதைப் படித்தால், அவருக்காகத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். கரியாலூர் தாண்டி நான் பார்த்தது மோசமான வீடு. கூரை ஒழுகுகிறது. பாம்பு விழுகிறது. கம்பத்தைக் கறையான் தின்றுவிட்டது. பிள்ளை குட்டியோடு குடியிருக்க லாயக்கில்லை. நானே உள்ளே போய்ப் பார்த்தேன்.