களைக்காரி வளர்த்த செடி

எட்டு மணிக்கு விடிகிற ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்தேன். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்ததும் கடிகாரத்தைத் திருப்பினான். அவன் ஊரில் என்ன மணியோ அதுதான் எங்களுக்கும் மணி. சூரியன் அவன் பேச்சைக் கேட்கவில்லை, பழையபடியே வந்தது. ஆறு மணிக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. அந்த ஆறு மணிக்கு நாங்கள் குடியிருந்த கஜா பெராங்கில் நாய்கூட எழுந்திருக்காது, கும்மிருட்டு. என் வீட்டுக்காரர் எழுந்து புக்கிட் பாரு பக்கம் இருந்த பங்களாவுக்கு நடந்து போய், கண்ணுக்குத் தெரியாத செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். சண்டைக் காலத்தில் எப்படி இருந்தீர்கள் என்று ஊரிலிருந்து எழுதிக் கேட்கிறீர்கள். இப்படித்தான் இருந்தோம்.

என் வீட்டுக்காரர் தோட்டக்காரர். வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஓடிப்போனதும் அந்தப் பங்களாவுக்கு ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்தான். மருந்துச் சாமான்களைக் கவனிக்கிறவன். மேசை, நாற்காலியோடு தோட்டக்காரரும் அவன் கைக்குப் போனார். ஒருநாள் அவன் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே ஈரப்பாசி சுற்றிய பத்துச் செடிகள், எல்லாம் அவன் ஊரிலிருந்து வந்தவை. தரையோடு படரும் செடி. விரித்த கை மாதிரி இலை, அதில் கறுப்புத் தேமல். பேர் கென்னோஷோகோ என்றான். பேச்சை மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, கூடவே இருந்தார்.

“பேதிக்கு மருந்தாம். பூக்கிற சமயத்துல அறுத்து நிழல்ல காயவச்சாத்தான் குணம் இருக்குமாம். மார்ச் மாசம் சிங்கப்பூர்லருந்து பெரிய டாக்டர் வர்றாராம், அதுக்குள்ள பூ காட்டணுமாம்” என்றார் கிராணி.

“இந்த வெயில்ல இது எப்படிங்க பூக்கும்?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“அதை நீ செடிகிட்ட கேளுய்யா. பூத்தா உன் கையில இருக்கிற பங்களாச் சீட்டு செல்லும். பூக்கலைன்னா சயாம் லிஸ்டுல உன் பேரு. நான் சொல்லலை, அந்தாளு சொல்றான்.”

சயாம் லிஸ்டு என்றால் என்னவென்று இங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பிடித்ததில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். எங்கள் தெருவிலிருந்து முதலில் போனவர்கள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒருவர்கூடத் திரும்பவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு வாசலுக்கு ஓடுவேன். அவரைப் பிடிக்காமல் வைத்திருந்தது, பங்களா வேலைக்காரன் என்று முத்திரை குத்திக் கொடுத்த அந்தச் சீட்டு ஒன்றுதான்.

அவர் ஒரு இலையைக் கிள்ளி வந்து என்னிடம் காட்டினார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் கல்யாணத்துக்கு முன் ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரி பங்களாவில் களை பறித்தவள். புல்தரையில் குந்தி உட்கார்ந்து, குளிரில் விரல் விறைக்க, ஏழு வருஷம் நான் பறித்துக் குப்பையில் எறிந்தது இந்தச் செடியைத்தான். இதே இலை, இதே தேமல் அங்கே மலையில் தானாக முளைத்துக் கிடந்தது. காய் நாரை மூக்கு மாதிரி நீண்டிருக்கும். முற்றினால் வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும், எத்தனை பறித்தாலும் தீராது. வேடிக்கை என்னவென்றால் அந்த வெள்ளைக்காரி இதன் பெரிய சாதியை, நீலப்பூ பூக்கிற ஜெரேனியத்தை, ரோஜாவுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி வளர்த்தாள். பெரிய பூ என்றால் பாத்தி, சின்னப் பூ என்றால் குப்பை. செடியிலும் அவர்களுக்கு அந்தஸ்து உண்டு. அந்த நீலப்பூ ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் மொத்தத்தையும் தரைமட்டத்துக்கு அறுக்கச் சொல்வாள். பாவமே என்று அறுப்போம். ஒரு மாதத்தில் புது இலை விட்டு மறுபடி பூக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். “எருவே போடாதீங்க. இது கல்லுல வர்ற செடி. தண்ணி நிக்கக் கூடாது. மேல அறுத்து விடுங்க” என்றேன்.

“ஏ களைக்காரி, புடுங்கிப் போட்டவ எனக்கு வளர்க்கச் சொல்லித் தர்றியா?” என்றார். அவர் தோட்டக்காரர், பாத்தி கட்டத் தெரிந்தவர். நான் புல் பறித்தவள். வீட்டுக்குள்ளும் அந்த அந்தஸ்து இருந்தது.

அவர் பிரசவித்த பெண்ணைப் பார்க்கிற மாதிரி அந்தச் செடிகளைப் பார்த்தார். மாட்டெரு போட்டார், தென்னோலைப் பந்தல் போட்டார், மூன்று வேளை தண்ணீர் ஊற்றினார். ஊரே மரவள்ளிக் கிழங்குக்கு அடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செடிக்குத்தான் நல்ல எரு. இலை தளதளவென்று வந்தது. அவருக்குப் பெருமை. பிறகு நடுத்தண்டு கறுத்தது, தொட்டால் கையோடு வந்தது. பத்து ஏழாயிற்று, ஏழு நான்காயிற்று. பூ ஒன்றுகூட இல்லை. அதிகாரி தினமும் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவானாம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் ராத்திரிச் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்து போவார்.

செத்ததென்று அவர் குப்பைக் குழியில் எறிந்திருந்த ஒன்றை நான் எடுத்து வந்தேன். மேலே அழுகல், கிழங்கு மட்டும் கெட்டியாக இருந்தது. எங்களுக்குச் சொந்த மண் கிடையாது. கஜா பெராங்கில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மாவை எல்லோரும் பிபிக் என்பார்கள். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய இந்தச் செட்டி மக்களை ஊரில் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம் சாமிகளைத்தான் கும்பிடுகிறார்கள், திருநீறு பூசுகிறார்கள், உடுப்பது கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும், பேசுவது மலாய். பிபிக்குக்குத் தமிழில் சாமி பெயர்கள் தெரியும், அவ்வளவுதான். கிணற்றடியில், தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் செம்பாறைச் சரளை கிடந்தது. பக்கத்துச் சுவரின் நிழல் பாதி நாள் விழும். சரளையை ஒதுக்கி அந்தக் கிழங்கைப் புதைத்தேன். எரு இல்லை, பந்தல் இல்லை. பிபிக்கிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை.

அது பிழைத்தது. ஐந்து இலை, பத்து இலை. இலைதான், பூ இல்லை. அறுத்து விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கத்தியை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். பங்களாவில் அப்போது மூன்றுதான் மிச்சம். இதுவும் போனால்? தெரிந்த வேலையைச் செய்யக் கை வரவில்லை. புருஷன் உயிர் இலையில் தொங்கும்போது அறுப்பது சுலபமில்லை.

போகி வந்தது. செட்டி மக்கள் அன்றைக்கு முன்னோருக்குப் படைப்பார்கள், அதற்கு முன் வீடு, வாசல், கிணற்றடி எல்லாவற்றையும் துப்புரவாக்குவார்கள். நான் ரேஷன் வரிசையில் நின்றுவிட்டு வந்து பார்த்தால் கிணற்றடி வழித்துவிட்ட மாதிரி இருந்தது. பிபிக் சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். ஓரத்தில் களைக் குவியல். மேலே என் செடி.

“அடிப்பாவி! என் புருஷனைப் புடுங்கிட்டியேடி!” என்று கத்தினேன்.

“ரும்புட் லா! சாயா ஈங்காட் ரும்புட்!” என்றாள் அவள். புல் என்று நினைத்தாளாம். நல்ல நாளில் வாசலைச் சுத்தம் செய்ததற்கு இவள் ஏன் ஆடுகிறாள் என்று அவளுக்குக் கோபம். ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளை என்ன சொல்ல? ஏழு வருஷம் நான் செய்ததைத்தான் அவள் ஒரு காலையில் செய்தாள்.

அந்த ஒரு வாரம் நான் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. பிறகு ஒருநாள் பிபிக்கே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “தேங்கோ! ஈடுப் லாகி!” என்று சரளையைக் காட்டினாள். பார், உயிரோடு இருக்கிறது என்கிறாள். அவசரத்தில் பிடுங்கியதால் கழுத்தோடு முறிந்து வந்திருக்கிறது. கிழங்கு உள்ளேயே இருந்திருக்கிறது. அரைகுறையாகக் களை பறித்தால் மேஸ்திரி எங்களை ஏசுவானே, அதே அரைகுறை. நான் செய்யப் பயந்த வேலையை அவள் தெரியாமல் செய்திருந்தாள். ஐந்தாவது வாரம் மொட்டு வந்தது. நகத்தளவு பூ, ஐந்து இதழ், வெள்ளையில் ஊதா நரம்பு. ஒன்றல்ல, பதினொன்று. பிபிக் குந்தி உட்கார்ந்து எண்ணினாள்.

அவரைக் கூட்டிவந்து காட்டினேன். “களைக்காரி” என்றார். அந்தத் தடவை அது ஏச்சாக இல்லை. உடைந்த சட்டியில் சரளையோடு பெயர்த்து வைத்து, இரண்டு பேருமாகப் பங்களாவுக்கு எடுத்துப் போனோம். அதிகாரி பூட்ஸோடு தரையில் மண்டியிட்டான். பூவைத் தொடாமல் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனான். எழுந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும். அதற்காக நான் அவனை மன்னிக்கவில்லை. அவன் நீளமாகப் பேசினான்.

“ரொம்பச் சந்தோஷமாம். உன்னைப் போல ஆள் கிடைக்காதாம்” என்றார் கிராணி. என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பிறகு கிராணி மிச்சத்தையும் சொன்னார். “சயாம் லைன்ல பேதியில கூட்டங்கூட்டமாச் சாகுறாங்களாம். மருந்து போய்ச் சேர மாட்டேங்குதாம். இதை அங்கேயே பயிர் பண்ணணுமாம். வளர்க்கத் தெரிஞ்சவனை அனுப்பறேங்கறான்.”

“வளர்த்தது அவரில்லை! நான்! அவருக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அவர் வச்சதெல்லாம் செத்துப்போச்சு, சொல்லுங்க!” என்று கிராணியின் கையைப் பிடித்தேன்.

கிராணி வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். “அவ களை பறிக்கிறவ. அவளுக்கென்ன தெரியும்? நான்தான் வளர்த்தேன். அதை மட்டும் சொல்லுங்க” என்றார். அதிகாரிக்குப் புரியும்படி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி சிரித்து அவர் தோளைத் தட்டினான்.

என்னைப் பிடித்துப்போய்விடக் கூடாது என்று அப்படிச் சொன்னாரா, தோட்டக்காரர் கௌரவம் பேசியதா? இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

கிழங்கை ஏழாகப் பிரித்து ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். லாரி ஏறும்போது, “எருப் போடாதீங்க. பூத்து முடிஞ்சதும் அறுத்துடுங்க” என்றேன். “தெரியும்டி” என்றார். அவர் கடைசியாக என்னிடம் பேசியது அதுதான்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். பெட்டியில் செடி வைத்துக்கொண்டு ஒருவர் வந்தாரே என்று. பார்த்தவர்கள் இல்லை. செத்தார் என்று சொன்னவர்களும் இல்லை. அவருடைய அண்ணன் ஊரிலிருந்து எழுதியிருக்கிறார். இனி அங்கே என்ன இருக்கிறது, கிளம்பி வா, செய்ய வேண்டிய காரியத்தை இங்கே வைத்துச் செய்துவிடலாம் என்கிறார். எழுத்து அன்பாகத்தான் இருக்கிறது. அன்பாகவே என் தாலியைக் கழற்றப் பார்க்கிறார்கள். கஜா பெராங்கில் எனக்குப் பிறந்த வீடு இல்லை, புகுந்த வீடு இல்லை, வாடகை வீட்டில் பேச்சுத்துணைக்குத் தமிழ்கூட இல்லை. ஆனால் இங்கே நான் சயாமுக்குப் போனவருடைய பெண்சாதி. அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து கைம்பெண்.

போன வாரம் துணிமூட்டையோடு, ஊருக்குப் போகிற கப்பலுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். வரிசை தெரு வரை நின்றது. என் முறை வந்ததும் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் பெயர் கேட்டான், சொன்னேன். புருஷன் பெயர் கேட்டான். எழுதிக்கொண்டே, “இருக்காரா, இல்லையா?” என்றான். பின்னால் நின்றவர்கள், “சீக்கிரம் சொல்லும்மா, வெயில் ஏறுது” என்றார்கள். இரண்டு அடி ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டேன். வீட்டுக்கும் திரும்பவில்லை. ஜன்னல் மூடுகிற வரைக்கும், வரிசைக்கும் வாசலுக்கும் நடுவில், கையில் மூட்டையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.