ஒரு குவியலுக்கு ஒரு மாத்திரை

குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை அள்ளுகிறார் தொம்மை. மேலே கிடக்கும் வேர்க்கடலையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கட்டைவிரலால் காயை உடைத்து, பருப்பை வாயில் போட்டு, கண்ணை மூடி நாலு மெல்லு. "காயல. இன்னும் ரெண்டு வெயில் பாக்கணும்." விவசாயியின் முகம் சுண்டி முடிவதற்குள் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு நிற மாத்திரை ஒன்று அவர் நாக்குக்குப் போய்விடுகிறது. அது கரைந்ததும் அடுத்த குவியல்.

திண்டிவனம் விற்பனைக்கூடத்தில், அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் கமிட்டியில், எண்ணெய் ஆலைக்காரர்களுக்குத் தரம் பார்த்துச் சொல்வது இருபத்தாறு வருஷமாக அவர் பிழைப்பு. பச்சைப் பருப்பை நாலு குவியலுக்கு மென்றால் நாக்கில் எண்ணெய் படிந்து, ஐந்தாவதிலிருந்து எல்லாம் ஒரே ருசி. மற்றவர்கள் வெந்நீரில் கொப்பளிப்பார்கள். கொரோனா காலத்தில் எல்லாரையும் போல வைட்டமின் சி மாத்திரை சப்ப ஆரம்பித்த தொம்மை, அதன் புளிப்பு நாக்கைக் கழுவித் துடைத்து வைத்துவிடுவதைக் கண்டுகொண்டார். கொரோனா போனது. மாத்திரை போகவில்லை. "மத்தவன் சத்துக்கு சாப்புடறான். நான் தொழிலுக்கு சாப்புடறேன். சத்து அதுபாட்டுக்கு ஏறிக்கினு கிடக்கட்டுமே" என்பார். ஏறிய சத்து எங்கே போனது என்பது அவரைப் பார்க்கிறவர்களுக்குப் புரியாது. ஆள் கொத்தவரங்காய் வற்றல்.

இந்த அறுவடையில் அவருக்குக் காணாக்கடி வந்தது. கமிட்டியில் நுழைந்து அரைமணி நேரத்தில் கழுத்தில் அரிப்பாகத் தொடங்கும் தடிப்பு மத்தியானத்துக்குள் முகத்துக்கு ஏறிவிடும். "கேப்பைக் களிய கிண்டி மூஞ்சில கொட்டின மாதிரி இருக்குது பாருங்க" என்று அவரே எல்லாருக்கும் காட்டிச் சிரித்தார். அவர் மனைவி அமல்ராணி இன்னும் ஒருபடி மேலே போனாள். "இத்தினி வருஷமா அதுல குத்தம் சொல்லிக்கினே இருந்தீங்க இல்ல? இப்ப அது திருப்பிக் கடிக்குது."

தூசியாக இருக்கலாம், சாக்கில் பிடித்த பூஞ்சையாக இருக்கலாம். மல்லாட்டையாகவே இருந்துவிட்டால்? அங்கேதான் தொம்மையின் சிரிப்பு நின்றுவிடும். ஐம்பத்துமூன்று வயதில் வேறு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? "எனக்கு வேற இன்னா தெரியும்? சைக்கிள் ஓட்டுவேன். அதுவும் எதிர்காத்துன்னா இறங்கித் தள்ளணும்."

விழுப்புரத்தில் தோல் டாக்டர் கலைப்பிரியா, ஊசிக் குத்துப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார். அதற்கு முன் ஒரு வாரம் அரிப்பு மாத்திரை எதையும் தொடக் கூடாது. தொம்மை சொன்ன சொல் தட்டாதவர். ஒரு வாரமும் கமிட்டிச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "எருமைக்கு மரம், எனக்கு செவுரு" என்று அதற்கும் ஒரு வசனம்.

இடது முன்கையில் வரிசையாகப் பத்துச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் லேசாக ஒரு குத்து. ஏழாவதுதான் மல்லாட்டை என்று நர்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கால்மணி நேரம் ஆயிற்று. கை வழவழவென்று இருந்தது. உடனே போன். "அமலு! ஒண்ணுமே இல்ல! மல்லாட்ட நம்ம பக்கம்தான்!" காத்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் கையைக் காட்டினார். படர்தாமரைக்கு வந்திருந்த ஒருவருக்குத் தைரியமும் சொன்னார்.

டாக்டர் ஏழாவதைப் பார்க்கவே இல்லை. முதல் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாரா இருந்தாலும் தடிக்க வேண்டிய மருந்து. பரிசோதனை வேலை செய்யுதான்னு பாக்கிறதுக்காக வைக்கிறது. உங்களுக்கு இதுவே தடிக்கல. அதனால மத்ததைப் பத்தி என்னால எதுவும் சொல்ல முடியாது."

தொம்மைக்குச் சட்டென்று விளங்கியது. "எடைக்கல்ல வெச்சும் தராசு அசையல. அப்ப தராசே கோளாறுன்றீங்க."

"அதேதான். வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாதா சத்தியமா ஒண்ணும் இல்லீங்க மேடம்." உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியில் அவர் கை பழக்கப்படி சட்டைப்பைக்குப் போனது. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, மரியாதைக்கு அட்டையை டாக்டரிடமும் நீட்டினார். "சப்புங்க மேடம். புளிப்பா நல்லா இருக்கும்."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். "ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஒரு குவியலுக்கு ஒண்ணுதாங்க."

"எத்தனை குவியல்?"

தொம்மை தரையைப் பார்த்தார். "சீசன்ல... பத்து, பன்னண்டு வரும்."

அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. இவ்வளவு சாப்பிட்டால் இந்தச் சத்தும் தடிப்பை அமுக்கக்கூடும் என்று ஒரு சந்தேகம் உண்டு, முடிவாக யாருக்கும் தெரியாது. எதற்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். மறுநாள் கமிட்டியில் மற்றவர் வாயில் விழுமுன் தொம்மையே கதையை அவிழ்த்துவிட்டார். "ஊரான் மல்லாட்டைல ஒளிஞ்சிக்கினு இருக்கிற ஈரத்த கண்டுபுடிக்கிறவன், என் ஜோப்புல இருந்தத கண்டுபுடிக்கல. நான்லாம் ஒரு தரம் பாக்குறவன்!"

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வெந்நீரில் கொப்பளித்துக்கொண்டிருந்த நாட்களில் அவருக்கு ஒரு யோசனை வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது தடவைக்கு முன்பும் நாலைந்து மாத்திரையை முழுங்கிவிட்டால்? கை வழவழவென்றே இருக்கும். டாக்டரால் மல்லாட்டைமேல் பழி சொல்ல முடியாது. தொழில் தப்பும். உடம்பு தப்புமா என்பது வேறு கேள்வி. பயம் மனிதனை எவ்வளவு கெட்டிக்காரனாக்குகிறது! விழுப்புரம் பஸ் ஏறுகிற காலையில் மருந்துக்கடை எதிரே ஒரு நிமிஷம் நின்றார். பின்னால் வந்த அமல்ராணி, "இன்னா பேஜாரு, ஜல்தி ஏறுங்க" என்றாள். ஏறிவிட்டார்.

இந்த முறை இடது கையில் முதல் இடம் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஜம்மென்று எழும்பியது. "சிஸ்டர், தராசு ரெடியாயிடுச்சி!" என்று தொம்மை கூவினார். அமல்ராணியும் சிரித்தாள். அதே நேரத்தில் கீழே எங்கோ அரித்தது. பார்த்தார். ஒன்றிலிருந்து எண்ணினார், பிறகு பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினார். எப்படி எண்ணினாலும் அது ஏழாவதாகத்தான் இருந்தது. மற்றவை படுத்தே கிடக்க, அது மட்டும் சிவந்து, ஓரம் கட்டி, மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது. அமல்ராணி சிரிப்பதை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

அளவுகோலோடு டாக்டர் வந்தார். "எங்க, கையக் காட்டுங்க பாக்கலாம்."

தொம்மை இடது கையை மடியோடு அணைத்துக்கொண்டு, வலது கையை நீட்டினார்.