குறத்தி செட்டும் ஒரு விசிலும்

போன வருஷம் ஆகஸ்ட் மாதம், தென்காசியில் என் கடையில் நடந்தது இது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிகளுக்கு டிரஸ் வாடகைக்கு விடுகிற கடை. சுதந்திர தினம் வந்தால் எங்களுக்குத் தீபாவளி மாதிரி. பாரத மாதாக்களுக்கு இடுப்பளவு பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

என் கடைக்கு ஒரு தனி மவுசு உண்டு. மற்ற கடைகளில் டிரஸ் மட்டும்தான் தருவார்கள். நான் ஒவ்வொரு செட்டோடும் ஒரு வசனச் சீட்டு வைத்து அனுப்புவேன். மேடையில் பிள்ளை என்ன பேசுவது என்று தெரியாமல் முழிக்கிற பெற்றோருக்காக நானே யோசித்து என் கையால் எழுதுகிற நாலைந்து வரிகள். என் வசனத்தைப் பேசிப் பரிசு வாங்கிய பிள்ளைகள் நிறைய. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதிகம் ஓடுவது குறத்தி செட். ஒட்டுப் போட்ட பாவாடை, பிளாஸ்டிக் பாசி, கையில் ஏந்த ஒரு தகர டப்பா, முகத்தில் பூச ஒரு புட்டியில் கருப்புப் பவுடர். வசனச் சீட்டின் கடைசி வரிதான் கைதட்டல் வாங்கும்: ‘குத்தாலத்து அருவி பக்கத்துலதான் குடியிருக்கோம், ஆனா குளிக்க மட்டும் மாட்டோம் சாமியோவ்!’ உள்ளூர் விஷயத்தைச் சேர்த்தால் ஜனம் சிரிக்கும் என்று நானே போட்ட வரி.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்த அம்மா குற்றாலத்தில் பாசிமணி விற்கிற நரிக்குறவர் சமூகத்துப் பெண். மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள், மூன்றாம் வகுப்பு. போலீஸ் டிரஸ் வேண்டும் என்றார்கள். மெயினருவியில் தண்ணீர் கூடும்போது போலீஸ்காரர் விசில் ஊதினால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வெளியே வந்தே ஆக வேண்டும். அது அந்தப் பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

“டீச்சர் இவளக் குறத்தியா வரச் சொன்னாங்கக்கா. டிரஸ் வீட்டுலயே இருக்கும், செலவு மிச்சம்னு நல்லதுக்குத்தான் சொல்லிருக்காங்க. ஆனா மாறுவேடம்னா மாறணும்லா? இவ இவளாவே போயி நிக்கதுக்கு எதுக்குப் போட்டி?” என்றார் அந்த அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது, நியாயமாகவும் பட்டது. அளவு தேட உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் அந்தப் பிள்ளை, கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கிய குறத்தி செட்டிலிருந்து சீட்டை எடுத்து, வகுப்பில் பாடம் வாசிக்கிற ராகத்தில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியையும் வாசித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ராகம் வரவில்லை.

அந்த அம்மா கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். நிஜமாகவே புரியாதவர் மாதிரி கேட்டார். “அருவி பக்கத்துல இருந்துக்கிட்டு யாராச்சும் குளிக்காம இருப்பாங்களாக்கா? சீசன்ல கடை போட்டு உக்காந்தாலே சாரல்ல நனைஞ்சுதான எந்திரிக்கோம்?” பிறகு அந்தப் பவுடர் புட்டியைப் பார்த்தார். அது எதற்கு என்று சொன்னேன். தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “உங்களவிட நாங்க நெறமால்லா இருக்கோம்!” என்று சிரித்தார். உண்மைதான். நான் நல்ல கருப்பு.

“இத யாருக்கா எழுதுனா?” என்று கேட்டாள் பிள்ளை.

“தெரியல பாப்பா. டிரஸ்ஸோட சென்னையிலேருந்து வந்தது” என்றேன்.

அவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவசர அவசரமாக ரசீது எழுதிக் கொடுத்து, விசிலைக் கயிற்றில் கோத்து மாட்டி அனுப்பிவிட்டேன்.

அவர்கள் தெருமுனை திரும்பும்போதுதான் பகீரென்றது. என்னிடம் குறத்தி செட் இரண்டு. இன்னொன்று முந்தின நாளே, அதே பள்ளிக்கூடத்துப் போட்டிக்குத்தான் போயிருந்தது, சீட்டோடு. அந்த வீட்டு நம்பர் நோட்டில் இருந்தது. கூப்பிட்டு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நோட்டைத் திறந்தேன், மூடினேன். கூப்பிடவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். புளியறை செக்போஸ்ட்டில் போலீஸ் அவர்.

“ஏட்டி, நீ கெட்ட எண்ணத்துலயா எழுதுன? நாங்க கேஸ்லயே உள்நோக்கம் இருந்துச்சான்னுதான் முதல்ல பாப்போம்” என்றார்.

“சரி, ஒரு லாரிக்காரர் தெரியாம ஒருத்தர் கால்ல ஏத்திட்டாருன்னா?”

“செக்சன் மாறும்.”

“காலு?”

“ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான்” என்றார். ஆனாலும் விடவில்லை. நாடகத்தில் போலீஸ் என்றாலே வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டுதானே வருகிறார்கள், நாங்கள் கோபித்துக்கொண்டா இருக்கிறோம் என்றார். நல்ல கேள்வி. ரொம்ப நேரம் யோசித்தேன். இவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். அந்தப் பிள்ளை எதைக் கழற்றும்?

நான் படித்த காலத்தில் பள்ளி நாடகங்களில் எனக்கு எப்போதும் அரக்கி வேஷம்தான் கிடைக்கும். “ஒனக்கு மேக்கப்பே வேண்டாம்” என்று டீச்சர் பிரியமாகத்தான் சொல்வார். அவருக்கும் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அழக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். அதெல்லாம் தெரிந்த நானா இதை எழுதினேன்?

போட்டி முடிந்த மறுநாள், நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் போலீஸ் டிரஸ் திரும்பி வந்து கடைக் கதவில் தொங்கியது. துவைத்து, இஸ்திரி போட்டு, சோப்பு வாசனையோடு. ஒன்பது வருஷத்தில் என் கடைக்குத் துவைத்துத் திரும்பி வந்த முதல் டிரஸ் அது. விசில் மட்டும் இல்லை. எடுத்துக்கொண்டார்களோ என்றுதான் என் புத்தி முதலில் போனது. சோப்பு வாசனை கையில் இருக்கும்போதே அப்படிப் போன புத்தியை என்ன சொல்ல!

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனேன். நல்ல சாரல். மெயினருவிக்குப் போகிற வழியில் தார்ப்பாய் கட்டி அந்த அம்மா பாசி கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதினாள்.

“விசிலுக்குத்தான வந்தீங்க? டீச்சர் பிடுங்கி வச்சிருக்காங்கக்கா, வாங்கித் தந்திருதேன்” என்றார்.

நடந்தது இதுதான். இன்னொரு பிள்ளை முகத்தில் கருப்புப் பூசிக்கொண்டு அந்தக் கடைசி வரியைச் சொன்னதும் கூட்டம் சிரித்திருக்கிறது. போலீஸ் உடுப்பில் கீழே உட்கார்ந்திருந்த இவள் எழுந்து, மூச்சு முட்ட விசில் ஊதியிருக்கிறாள். அருவியில் தண்ணீர் கூடினால் ஊதுவார்களே, அந்த மாதிரி நீளமாக. மொத்தக் கூட்டமும் கப்சிப்பாகிவிட்டதாம். போட்டியைக் கெடுத்தாள் என்று டீச்சர் விசிலைப் பிடுங்கிக்கொண்டார். முதல் பரிசு குறத்திக்கு. என் வசனத்துக்கு.

“அந்தச் சீட்ட எழுதுனது நான்தான்” என்றேன்.

கோத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “தெரியும்க்கா. ரசீதுலயும் அதே கையெழுத்துதான? படி எறங்கும்போதே பிள்ள சொல்லிட்டா.”

“அப்பவே என்னக் கேட்டிருக்கலாம்லா?”

“நீங்க தெரியலன்னீங்க. வெக்கப்படுதீங்க போலன்னு விட்டுட்டோம்.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை பென்சிலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் அந்த வேஷமே வேண்டாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “பாசி போடட்டும்க்கா, அழகுதான? கைல எதுக்குத் தகர டப்பா குடுக்கீங்க? நான் விக்கேன், பிச்சையா எடுக்கேன்?” என்றார்.

டப்பாவையும் பவுடரையும் தூக்கிப் போட்டுவிட்டேன். சீட்டுகளைக் கிழித்துவிட்டேன். விசிலை நானே பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பிள்ளையிடமே கொடுத்தேன். ‘சும்மா விளையாட்டுக்குத்தானே, பழைய வசனத்தையே குடுங்க’ என்று கேட்டு என்னோடு சண்டை போடுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் அந்த வரியை எழுதினேன், சத்தியம். ஆனால் அதைக் கேட்கிற கூட்டத்தில் அவளும் உட்கார்ந்திருப்பாள் என்கிற எண்ணமும் எனக்கு இல்லாமல்தான் இருந்தது.